டிக்கியில் இருப்பது கைக்கு எட்டுமா?

உங்கள் காரின் டிக்கியைக் கடைசியாக எப்போது முழுசாகத் திறந்து பார்த்தீர்கள்? பெட்டி வைக்கத் திறந்ததைக் கேட்கவில்லை. உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று பார்ப்பதற்காகவே திறந்ததைக் கேட்கிறேன்.

இதைப் படிக்கிற சாக்கில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெரும்பாலான குடும்பக் கார்களில் இருப்பது இவைதான்: யார் கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலப் பை, கம்பி வளைந்த குடை, பிள்ளை எப்போதோ விளையாடிவிட்டுப் போட்ட பந்து, ஜவுளிக்கடைக் கட்டைப்பை நாலைந்து, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், துடைக்கிற துணி என்ற பெயரில் ஒரு பழைய பனியன். இவற்றுக்கெல்லாம் அடியில், விரிப்புக்குக் கீழே, கார் வாங்கிய நாளிலிருந்து வெளிச்சமே படாமல் ஸ்டெப்னியும் ஜாக்கியும் படுத்திருக்கும்.

சென்ற வாரம் வீட்டு மருந்துப் பெட்டியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியே காரில் என்னென்ன வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு லிஸ்ட் போடுங்களேன்" என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் வண்டியை சர்வீஸுக்கு விடுகிற நேரம் என்பதால் பொருத்தமான கேள்விதான். லிஸ்ட் போடுவதும் சுலபம். கடையில் போய் நின்றால் காருக்கென்று நாற்பது ஐம்பது பொருள் காட்டுவார்கள். அத்தனையையும் வாங்கி அடுக்கினால் அப்புறம் ஊருக்குப் பெட்டியை மடியில்தான் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

ஒவ்வொரு பொருளையும் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். தேவைப்படுகிற அந்த நிமிடத்தில் இது கைக்கு எட்டுமா? எட்டினால் வேலை செய்யுமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி உடைக்கிற சுத்தியலை வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கதவு திறக்காதபோது பயன்படுத்தவேண்டிய பொருள் அது. கதவைத் திறந்து இறங்கி, சுற்றிப் போய் டிக்கியைத் திறக்க முடிந்தால் அந்தச் சுத்தியலே தேவையில்லையே!

கல்லும் வேண்டாம், கிளையும் வேண்டாம்

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். புதுக் கார் வாங்கும்போதே முதலுதவிப் பெட்டியோடு இதையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது விதி. மடித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். பல வீடுகளில் அந்த டப்பாவின் சீல்கூடப் பிரிந்திருக்காது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். லாரி நின்றுபோனால் கிளீனர் இறங்கி, பக்கத்தில் உள்ள செடியை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போடுவார். நாலு கல்லை வரிசையாக வைப்பார். வேலை முடிந்ததும் வண்டி கிளம்பிவிடும். கல் அங்கேயே கிடக்கும். ராத்திரி பைக்கில் வருகிற யாரோ ஒருவர் அதில் ஏறி விழுவார். அந்த வழக்கத்தைக் கார்க்காரர்களும் பின்பற்றவேண்டாம். எங்காவது அப்படிக் கல் வைக்க நேர்ந்தால், கிளம்பும்போது அதை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

முக்கோணத்தை எங்கே வைப்பது என்பதில்தான் உயிரே இருக்கிறது. காரின் பம்பருக்குப் பக்கத்தில், நாலடி தள்ளி வைத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். அதனால் ஒரு புண்ணியமும் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறது. முக்கோணம் 50 மீட்டர் பின்னால் இருந்தால், அதைத் தாண்டி உங்கள் காரைத் தொட இரண்டு விநாடிகூட ஆகாது. அந்த டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் சாதாரண சாலையில் 50 மீட்டர் என்றால், நான்குவழிச் சாலையில் 100 மீட்டருக்குக் குறையவே கூடாது. டேப் வைத்து அளக்கமுடியாது, எட்டு வைத்து எண்ணுங்கள். நம்முடைய சராசரி நடைக்கு ஏறக்குறைய 130 எட்டு. சாலை வளைவில் நின்றுவிட்டால், வளைவுக்கு முன்பே தெரிகிற மாதிரி இன்னும் தள்ளி வைக்கவேண்டும்.

நடந்து போகும்போதும் முக்கோணத்தை விரித்து, வருகிற வண்டிகளுக்குத் தெரியும்படி முன்னால் பிடித்துக்கொண்டே போங்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண் பக்கமாக நடங்கள். அதற்கு முன் இன்னொன்று: ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். சாலைப் பணியாளர்கள் போட்டிருக்கிறார்களே, அந்த மஞ்சள் பச்சை ஜாக்கெட்தான். ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள பையில் ஒன்று மடித்து வைத்துவிடுங்கள். டிக்கியில் வேண்டாம். அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் இறங்கவே வேண்டும். கறுப்புச் சட்டையில் இருட்டில் நிற்கிற மனிதரை, எதிர் வெளிச்சத்தில் வருகிற லாரி டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

முக்கோணம் வைத்தாயிற்று. வீட்டு மனிதர்கள் எங்கே? பெரும்பாலும் ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். அல்லது காருக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டு, எரிகிற இண்டிகேட்டரையும் மறைத்துக்கொண்டிருப்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிற காருக்குள் இருப்பதும் ஆபத்து, அதன் பின்னால் நிற்பது அதைவிட ஆபத்து. நால்வழிச் சாலை விபத்துச் செய்திகளைப் படித்துப் பாருங்கள். ஓரமாக நின்ற வண்டியில் பின்னாலிருந்து வந்த வண்டி மோதியது என்பது எத்தனை முறை வருகிறது! எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையோர இரும்புத் தடுப்பு இருந்தால் அதைத் தாண்டிப் போய் நிற்கவேண்டும். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களை முதலில் இறக்குங்கள். அவர்கள் உட்கார மடக்கு ஸ்டூல் ஒன்று டிக்கியில் இருந்தால் எவ்வளவு உதவி என்பது அன்றைக்குத் தெரியும்.

தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது, 24 மணி நேரமும் இயங்குகிறது. நீங்கள் நிற்கிற இடத்தைச் சொல்ல, சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைப் பார்த்துச் சொன்னால் போதும். "திண்டிவனம் தாண்டி ஒரு ஓட்டல் இருக்கு, அதுக்கு அப்புறம்" என்று சொன்னால் அவர்கள் எந்த ஓட்டல் என்று தேடுவார்கள்?

காத்து இருக்கா சார்?

விழுப்புரம் பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். "ஸ்டெப்னி இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க சார். அதுல காத்து இருக்கான்னு கேட்டாதான் முழிப்பாங்க" என்றார். மற்ற நாலு டயருக்கும் காற்று பிடிக்கும்போது ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. பெட்ரோல் பங்க்கில் பிடிப்பவருக்கும் பெட்டிகளை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு அதைத் தேட நேரமில்லை. ஓடாமல் சும்மா கிடந்தாலும் டயரில் காற்று மெதுவாகக் குறையும். மாதம் ஒருமுறை, டிக்கி காலியாக இருக்கிற ஒரு நாளில், அதற்கும் பிடித்துவிடுங்கள்.

உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்பதையே முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலேயே கார் விற்கலாம் என்று 2020-ல் விதி மாறிவிட்டது. மின்சாரக் கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. சி.என்.ஜி. கார்கள் பலவற்றில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும், ஸ்டெப்னி வேறெங்கோ தொங்கும். இன்னும் சில கார்களில் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருக்கும். அது பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு மதுரை வரை போகலாம் என்று நினைக்காதீர்கள்.

ஸ்டெப்னி இல்லாத காருக்கு, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிக் காற்று அடிக்கிற சிறிய பம்ப் அவசியம். ஸ்டெப்னி இருக்கிற காருக்கும் அது நல்ல முதலீடு என்றே சொல்வேன். ஆணி குத்தி மெதுவாகக் காற்று இறங்குகிற டியூப்லெஸ் டயர் என்றால், ஆணியைப் பிடுங்காமல் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு அடுத்த பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஜாக்கி போடுகிற வேலையே மிச்சம். பம்ப்பைத் தொடர்ந்து ஓடவிட்டால் சூடாகிவிடும். அட்டையில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ, அதோடு நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஜாக்கிக்குத் துணையாக ஒரு பலகைத் துண்டு. இது எந்தக் கடையிலும் 'கார் அக்சஸரி' என்று விற்காது. தச்சுப் பட்டறையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு அடிக்கு ஒரு அடி, ஓர் அங்குல கனம் போதும். மழையில் நனைந்த ஓரத்து மண்ணில் ஜாக்கி போட்டால், கார் மேலே ஏறாது, ஜாக்கிதான் கீழே இறங்கும். பலகையை அடியில் வைத்துவிட்டால் அந்தப் பிரச்னை இல்லை. ஸ்டெப்னியைச் சுற்றி ஒரு ஜோடி ரப்பர் பூசிய கையுறையும், தலையில் மாட்டிக்கொள்கிற டார்ச் ஒன்றும் வைத்துவிடுங்கள். செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு போல்ட் கழற்றியவர்களுக்கு அந்த டார்ச்சின் அருமை தெரியும். டார்ச்சுக்குள் பேட்டரியைப் போட்டே வைக்காதீர்கள், கசிந்து கெட்டுவிடும். தனியாக ஒரு கவரில் சுற்றிக் கூடவே வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பஞ்சரானது வலதுபக்க டயர் என்றால், அதை மாற்ற உட்கார்கிறவரின் முதுகு சாலைப் பக்கம் இருக்கும். நெடுஞ்சாலையில் அந்த வேலையே வேண்டாம். ஹசார்டு லைட்டைப் போட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில் ஓரமாகவே உருட்டிப் போய், அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். டயர் வீணாகும். ஆகட்டும், டயர் கடையில் கிடைக்கும்.

கைக்கு எட்டவேண்டியவை

டிரைவர் சீட்டில், பெல்ட் போட்ட நிலையில், கையை நீட்டினால் கிடைக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, கண்ணாடி உடைக்கும் சுத்தியல். பெல்ட்டை அறுக்கும் பிளேடும் அதிலேயே சேர்ந்து வருகிறது. இன்னொன்று, தீயணைப்பான்.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் எப்படி மிதந்தன என்று பார்த்தோம். அதற்குப் பிறகுதான் கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். சிலர் கிண்டல் செய்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் செய்தது புத்திசாலித்தனம். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஆழம் பார்த்து இறங்காதீர்கள், திரும்பிவிடுங்கள். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும்.

அப்படியும் மாட்டிக்கொண்டால், முதலில் பெல்ட்டைக் கழற்றி, உடனே ஜன்னல் கண்ணாடியை இறக்குங்கள். பவர் விண்டோ தண்ணீர் பட்டதுமே நின்றுவிடாது, கொஞ்ச நேரம் வேலை செய்யும். அது முடியாவிட்டால்தான் சுத்தியல். பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் அடிக்கவேண்டும், நடுவில் அல்ல. முன் கண்ணாடியில் அடித்துப் பிரயோஜனமில்லை. அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடும், வழிவிடாது. புதிய கார்கள் சிலவற்றில் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான் வருகிறது. உங்கள் காரில் எப்படி என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் தலைச்சாய்வைப் பிடுங்கி அதன் கம்பியால் உடைக்கலாம், அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வேறு வழியே இல்லாதபோது முயலலாம், ஆனால் அதை நம்பிச் சுத்தியல் வாங்காமல் இருக்கவேண்டாம்.

தீயணைப்பானில் காருக்கு ஒரு கிலோ ஏபிசி பவுடர் வகை, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, போதும். தலைப்பில் உள்ள முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். முன் சீட்டுக்கு அடியில் கிளாம்ப் போட்டு இறுக்கமாகப் பொருத்தவேண்டும், உருளக்கூடாது. இதை வைத்துப் பெரிய தீயோடு சண்டை போடமுடியாது. சில விநாடிகளில் தீர்ந்துவிடும். பானெட்டிலிருந்து புகை வந்தால் இன்ஜினை அணைத்து, முதலில் எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்கவையுங்கள். பானெட்டை முழுசாகத் திறக்காதீர்கள், காற்று பட்டதும் தீ எழும்பும். மின்சாரக் காரின் பேட்டரியில் தீ என்றால் இந்தப் பவுடர் உதவாது. தள்ளிப் போய் 101-ஐக் கூப்பிடுவதுதான் வழி.

வெயில் தின்கிற பொருட்கள்

முதலுதவிப் பெட்டியை எடுத்துத் தேதியைப் பாருங்கள். நம் வெயிலில் காருக்குள் களிம்பு உருகி, பிளாஸ்திரி ஒட்டுகிற தன்மையை இழந்திருக்கும். வெளியே 35 டிகிரி இருந்தாலே, மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 50-ஐத் தாண்டிவிடும். அக்னி நட்சத்திரத்தில் நினைத்துப் பாருங்கள். இதே காரணத்தால்தான், ஏசி போட்டிருக்கிறதே என்று நம்பிக்கூடப் பிள்ளையைத் தனியாகக் காருக்குள் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் கடைக்குப் போகக்கூடாது என்கிறார்கள்.

எனவே காரில் வைக்கக்கூடாதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஸ்ப்ரே டப்பாக்கள் முதலில். 50 டிகிரிக்கு மேல் சூடுபடுத்தாதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. பவர் பேங்க், லைட்டர், சானிடைசர் பாட்டில் ஆகியவற்றை இறங்கும்போது கையோடு எடுத்துவிடுங்கள். டேஷ்போர்டில் கற்பூரமும் தீப்பெட்டியும் போட்டு வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஆயுதபூஜை முடிந்ததும் அவற்றை வீட்டுப் பூஜையறைக்கே அனுப்பிவிடுங்கள். மாத்திரை மருந்துகளும் காரில் தங்கக்கூடாது, ஹேண்ட்பேக்கோடு இறங்கி ஏறவேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வாயகன்ற பிளாஸ்க்கில், ஐஸ் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி எடுத்துப் போகலாம். உறைந்துபோன இன்சுலினும் பயன்படாது.

டேஷ்போர்டு என்றதும் இன்னொன்று. பக்கத்து சீட்டுக்கு நேராக, ஏர்பேக் மூடியின் மேல், பித்தளையிலோ கல்லிலோ சாமி சிலையை ஒட்டி வைத்திருப்பார்கள். ஏர்பேக் விரிவது கண் இமைக்கிற நேரத்துக்குள். அப்போது அந்தச் சிலை நேராக எதிரில் இருப்பவர் முகத்துக்கு வரும். பிள்ளையாரைக் கொஞ்சம் நடுவுக்கு, ஏர்பேக் எழுத்து இல்லாத இடத்துக்கு நகர்த்தினால் கோபித்துக்கொள்ளமாட்டார். அதேபோல, தண்ணீர் பாட்டிலை டிரைவர் காலடியில் உருளவிடாதீர்கள். பிரேக் பெடலுக்கு அடியில் அது போய் மாட்டிக்கொண்டால் மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. பாட்டில் கதவுப் பையில்தான் இருக்கவேண்டும்.

முதலுதவிப் பெட்டிக்குத் திரும்புவோம். கடையில் வருகிற பெட்டியில் சின்னச் சின்ன பிளாஸ்திரிதான் நிறைய இருக்கும். சாலையில் நடக்கிற காயத்துக்கு அது எந்த மூலைக்கு? சுத்தமான பஞ்சுத்துணி மடிப்புகள் பத்து, அகலமான பேண்டேஜ் சுருள் நாலைந்து, ஒட்டும் டேப், கத்தரிக்கோல், கையுறை இரண்டு ஜோடி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு என்று மருந்துக் கடையில் வாங்கி நீங்களே நிரப்புங்கள். ரத்தம் கொட்டினால் துணியை மடித்து வைத்துக் கையால் அழுத்திப் பிடிப்பதுதான் முதல் வேலை. துணி நனைந்துவிட்டது என்று எடுத்துப் பார்க்காமல், மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதையும் கொட்டவேண்டாம். பலத்த அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் கொடுக்காதீர்கள். புரை ஏறினால் ஆபத்து. தீ போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால் அவரை இழுத்துத் தூக்காமல் 108-க்குச் சொல்லுங்கள்.

அடிபட்டுக் கிடப்பது வேறு யாரோ என்றாலும் இந்தப் பெட்டி அவருக்கும்தான். போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டியிருக்குமோ என்ற பயம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், உதவி செய்தவரைப் பாதுகாக்கிறது. விருப்பமில்லையென்றால் உங்கள் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட தொகை வரை இலவசம். வெளிமாநிலத்தவர் என்றாலும் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கியது. இது தெரியாமல் பக்கத்தில் உள்ள மருத்துவமனையை விட்டுவிட்டுத் தூரத்து ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு போர்வை, பல வேலை

குடும்பத்தோடு போகிற காரில் எனக்குப் பிடித்த பொருள் ஒரு பழைய பருத்திப் போர்வை. குழந்தை தூங்கினால் போர்த்தலாம், வெயில் பக்கம் ஜன்னலில் மாட்டலாம், அடிபட்டவரைப் படுக்கவைக்கலாம். வழியில் கழிப்பறை கிடைக்காமல் பெண்கள் ஒதுங்க நேர்ந்தால் நாலுபேர் பிடித்துக்கொள்ளத் திரையாகும். நம் நெடுஞ்சாலைகளில் சுத்தமான கழிப்பறைக்கு எத்தனை கிலோமீட்டர் போகவேண்டியிருக்கிறது என்று ஆண்களுக்குப் புரிவதில்லை. போர்வையோடு கூடவே ஒரு பையில் நாப்கின், டிஷ்யூ, மாற்றுத் துணி ஒரு செட், காலி கவர்கள், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். இந்தத் தண்ணீரை, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றுவதற்கு மட்டும் எடுக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். இன்ஜின் நன்றாக ஆறட்டும்.

மலைக்குப் போகிறவர்களுக்குக் கவர் எவ்வளவு இருந்தாலும் போதாது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. எலுமிச்சை, புளிப்பு மிட்டாய் எல்லாம் கைவசம் இருக்கட்டும். வாந்தி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடிவாரத்துக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளவேண்டும். டிரைவர் போடவே கூடாது, தூக்கம் வரும்.

பேட்டரி இறங்கிப்போவது இன்னொரு தொல்லை. ஜம்பர் கேபிள் ஒரு செட் இருந்தால் பக்கத்தில் நிற்கிற காரே மருத்துவர். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்யமுடியாது. சிவப்பு ஒயரின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு ஒயர் நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனை நின்றுபோன காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி கேபிளோடு சுற்றி வையுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

தாள் என்றதும், பேப்பர்கள். ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்று ஆகியவற்றை டிஜிலாக்கரில் காட்டினால் சட்டப்படி செல்லும். ஒரிஜினல் ஆர்.சி.யைக் காரிலேயே வைக்காதீர்கள். கார் திருடு போனால், திருடனுக்கு அதையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும். மாற்றுச் சாவியும் அப்படியே. திருட்டுக்கு இழப்பீடு கேட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். காரில் இருக்கவேண்டியது ஓர் அட்டை. வீட்டில் உள்ளவர்களின் ரத்த வகை, சாப்பிடுகிற மருந்து, இரண்டு பேரின் போன் நம்பர், பாலிசி எண் இவற்றைப் பேனாவால் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். லாக் போட்ட செல்போனுக்குள் இருக்கிற நம்பர் யாருக்கும் பயன்படாது. அட்டையோடு 500 ரூபாய், பத்தும் இருபதும் ஐம்பதுமாக. சிக்னல் கிடைக்காத ஊரில் பஞ்சர் ஒட்டினால் ஜி-பேவைக் காட்டி என்ன செய்வது?

எல்லாம் வாங்கி அடுக்கியாயிற்றா? இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள், தெருவிலேயே ஒருமுறை ஸ்டெப்னியை மாற்றிப் பாருங்கள். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த எல்லோரும் செய்து பார்க்கட்டும், அம்மா உட்பட. காரோடு வந்த புத்தகத்தில் ஜாக்கி எங்கே வைக்கவேண்டும் என்று படம் இருக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்டை லேசாக இளக்கிவிட்டு, அப்புறம்தான் ஜாக்கியை ஏற்றவேண்டும். நிறைய பேருக்கு இந்த இடத்திலேயே ஒரு விஷயம் தெரியவரும்: போல்ட் அசையாது! கடையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் 'டர்ர்ர்' என்று இறுக்கி விட்டிருப்பார்கள். காரோடு வந்த குட்டி ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தாலும் சிலவற்றில் வராது. அப்படியென்றால் நீளக் கைப்பிடி உள்ள வீல் ஸ்பேனர் ஒன்று வாங்கி ஸ்டெப்னியோடு வையுங்கள். அடுத்த முறை வீல் அலைன்மென்ட்டுக்குப் போகும்போது, "துப்பாக்கி போடாம கையால டைட் பண்ணுங்கண்ணே" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.